உங்கள் சேகரிப்பில் மனசுக்கு நெருக்கமான பழைய பேஸ்பால் கார்டு எது? (1980-க்கு முன் வந்தவை மட்டும்)

கருப்பும்பொன்னும் (பிட்ஸ்பர்க்) எழுதியது:

ஆட்டக்காரர் படம் போட்டு வரும் இந்தக் கார்டுகளில் எது ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது, அடுத்த வருஷம் எது ஏறும் என்று பேச நிறைய இழைகள் இருக்கின்றன. இங்கே நான் கேட்பது வேறு. வீடு மாறும்போது மூவர்ஸ் கையில் கொடுக்காமல், உங்கள் கைப்பையில் வைத்து நீங்களே எடுத்துப்போகிற கார்டு எது? ஏன் அது?

1980-க்கு முந்தியது என்ற எல்லை மட்டும் இருக்கட்டும். 1956-ல் கார்டு அச்சடிக்கும் டாப்ஸ் கம்பெனி தன் போட்டியாளரான போமனை விலைக்கு வாங்கியதிலிருந்து 1980 வரை இந்தத் தொழில் கிட்டத்தட்ட அவர்கள் ஒருவர் கையில்தான் இருந்தது. 1981-ல் ஃப்ளீர், டான்ரஸ் என்ற கம்பெனிகளும் நுழைந்தபின் வந்தது வேறு காலம்.

நானே தொடங்குகிறேன். என்னிடம் எங்கள் ஊர் பைரேட்ஸ் அணியின் ராபர்ட்டோ கிளெமெண்டேயின் மூன்று கார்டுகள் ஒரே உறையில் இருக்கின்றன. எல்லோரும் தேடும் 1955 டாப்ஸ் 164-ம் எண், அதாவது அவருடைய ரூக்கி கார்டு (ஓர் ஆட்டக்காரரின் முதல் கார்டு), அதில் இல்லை. என்னுடையவை 1969, 1970, 1973.

1969 டாப்ஸில் 50-ம் எண். மேலே ஒரு வட்டத்துக்குள் பெயர் போட்டிருக்கும்: பாப் கிளெமெண்டே. புவேர்ட்டோ ரீக்கோவின் கரோலினாவில் பிறந்த மனிதருக்கு அமெரிக்க வாய்க்கு வசதியாக ஒரு பெயர். 1955-ல் முதல் கார்டிலேயே ராபர்ட்டோ என்று சரியாகப் போட்டவர்கள்தான், பிறகு பாப் என்று மாற்றி 1969 வரை அப்படியே அச்சடித்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த வருஷங்களில் அவர் சாதாரண ஆட்டக்காரர் இல்லை; நான்கு முறை பேட்டிங் பட்டம், 1966-ல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, 1969 வரை 9 கோல்ட் குளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது).

1970 டாப்ஸில் 350-ம் எண். சாம்பல் நிற ஓரம், பார்க்க மங்கலான வடிவமைப்பு. அந்த வருஷத் தொகுதியைப் பலருக்கும் பிடிக்காது. ஆனால் கீழே ராபர்ட்டோ கிளெமெண்டே என்று இருக்கிறது. 1969-ஐயும் 1970-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் நிறைவை எந்த ரூக்கி கார்டும் தராது.

மூன்றாவது 1973 டாப்ஸ், மறுபடியும் 50-ம் எண். அதன் பின்பக்கத்தில் வருஷவாரியாகப் புள்ளிவிவரம் இருக்கும். ஹிட் என்ற பத்தியின் கடைசிக் கூட்டுத்தொகை சரியாக 3000. அந்த மூவாயிரமாவது ஹிட் 1972 செப்டம்பர் 30-ல் வந்தது. மனாகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய விமானம் டிசம்பர் 31 அன்று கடலில் விழுந்து அவர் போய்விட்டார். அடுத்த வருஷமே, ஐந்து வருஷக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அந்தக் கார்டு குழந்தைகள் கைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மூன்றுமே மூலை மழுங்கியவை. 1973-ல் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு ஓடுகிறது. மாற்ற நினைத்ததே இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

ஏழாம்நம்பர்ரயில் (குயின்ஸ்) எழுதியது:

அருமையான இழை ண்ணா. நான் மெட்ஸ் ரசிகன். ஆனால் என் கார்டு மெட்ஸ் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முந்தியது.

டி206 என்ற பழைய சிகரெட் கார்டுத் தொகுதியில் ஒன்று. வேக்னர், டை காப் மாதிரி நட்சத்திரம் இல்லை. இன்று யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு சாதாரண இன்ஃபீல்டர். அகலம் ஒன்றரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு, உயரம் 2⅝ அங்குலம். சிகரெட் பாக்கெட் வளையாமல் இருக்க உள்ளே வைத்த அட்டை அது. பின்னால் பீட்மாண்ட் சிகரெட் விளம்பரம், அடியில் சின்ன எழுத்தில் வர்ஜீனியாவின் 25-ம் எண் தொழிற்சாலை.

எல்லோரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் பின்பக்கத்துக்காக வாங்குகிறேன். அதே படம் பீட்மாண்டிலும் வரும், ஸ்வீட் காப்பரலிலும் வரும், சாவரின், போலார் பேர், ஓல்ட் மில் என்றும் வரும். 524 கார்டு கொண்ட தொகுதி என்று கணக்கு. ஆனால் பின்பக்கங்களையும் சேர்த்து எண்ண ஆரம்பித்தால் ஓர் ஆயுசு போதாது. போலார் பேர் உதிரிப் புகையிலைப் பாக்கெட்டில் வந்தது என்பதால் அந்தக் கார்டுகளில் புகையிலைக் கறை அதிகம்.

1909-ல் தொடங்கி 1911-ல் முடிந்துபோனது. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி அப்போது அமெரிக்கச் சிகரெட் சந்தையையே விழுங்கிவைத்திருந்தது. 1911-ல் உச்ச நீதிமன்றம் அதை உடைக்கச் சொன்னது. ஏகபோகம் போனதோடு இந்த மாதிரி கார்டுக்கான காலமும் சரியத் தொடங்கியது. கையில் பிடிக்கும்போது அந்தக் காலத்து வியாபாரச் சண்டை முழுக்க அந்தப் பொடி அட்டைக்குள் இருக்கிறது என்று தோன்றும்.

டி206 என்ற பெயரைக்கூட அச்சடித்தவர்கள் வைக்கவில்லை. ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் அமெரிக்காவில் வந்த எல்லாக் கார்டுகளையும் பட்டியல் போட்டு, புகையிலைக் கார்டுகளுக்கு டி என்ற எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்தார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன மனிதர். தன்னிடம் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேலான அச்சுப் பொருட்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். பசை வைத்து ஒட்டியதை இன்று பார்த்தால், கார்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் கிரேடிங் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. அவர் ஒட்டிவைத்ததால்தான் 30,000-க்கும் மேற்பட்ட பேஸ்பால் கார்டுகள் ஒரே இடத்தில் மிஞ்சின.

ஸ்கார்பரோக்காரன் (டொராண்டோ) எழுதியது:

வணக்கம் அண்ணை. ரெண்டு பேரும் அமெரிக்கக் கார்டைப் பற்றியே கதைக்கிறியள், கனடாப் பக்கமும் கொஞ்சம் பாருங்கோ.

எனக்கு விருப்பமானது ஓ-பீ-சீ. ஒன்டாரியோவில இருக்கிற லண்டன் நகரத்துக் கம்பெனி. டாப்ஸிட்ட உரிமம் வாங்கி 1965-இல இருந்து வருசாவருசம் இஞ்ச பேஸ்பால் கார்டு அடிச்சவை. 1970-இல இருந்து ஆங்கிலமும் பிரெஞ்சும் ரெண்டும் இருக்கும். முன்பக்கம் பாத்தா டாப்ஸ் மாதிரியேதான். பின்பக்கம் திருப்பினாத்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொண்டு, ஓரத்தைத் தடவிப் பாக்கவேணும். ஓ-பீ-சீ கார்டுகளில கனக்க ஓரம் சொரசொரப்பா, நார் பிரிஞ்ச மாதிரி இருக்கும். வெட்டின முறை அப்பிடி. வழவழப்பா, கத்தி வைச்ச மாதிரி நேரா இருந்தா எனக்கு உடன சந்தேகம் வரும், பிறகு ஆரோ ஓரம் சீவியிருக்கினமோ எண்டு.

என்ர கார்டு 1977 தொகுதியில புளூ ஜேஸ் ஆக்களின்ர. அந்த வருசந்தான் டொராண்டோவுக்கு அணி வந்தது. ஏப்ரல் 7, எக்சிபிஷன் மைதானத்தில பனி கொட்டக் கொட்ட முதல் ஆட்டம், டக் ஆல்ட் ரெண்டு ஹோம் ரன் அடிச்சார். டாப்ஸ் 660 கார்டு அடிச்ச இடத்தில ஓ-பீ-சீ 264 தான் அடிச்சது. ஆனா அதுக்குள்ள புளூ ஜேஸுக்கும் மொன்ட்ரியால் எக்ஸ்போஸுக்கும் கூட இடம் குடுத்திச்சினம், சில பேருக்குப் படத்தையே மாத்திப் போட்டிச்சினம். ஊர்ப் பிள்ளையளுக்கு ஊர் அணி வேணுமெண்டு ஆரோ ஒருத்தர் யோசிச்சிருக்கிறார். அது எனக்குப் பெரிய விசயம். நான் இஞ்ச வந்து இறங்கினது அதுக்குப் பல வருசத்துக்குப் பிறகு, எண்டாலும் இந்த நகரத்தின்ர முதல் அணி என்ர அலுமாரியில இருக்கெண்டால் நானும் இந்த ஊர்க்காரன் தான் எண்ட ஒரு நினைப்பு.

அண்ணை, உங்கட கிளெமெண்டே 1954-இல மொன்ட்ரியாலில விளையாடினவர், தெரியுமோ? டொட்ஜர்ஸின்ர துணை அணியில. அங்கயிருந்துதான் பிட்ஸ்பர்க் அவரை எடுத்தது.

கருப்பும்பொன்னும் எழுதியது:

தெரியும் தம்பி. டாட்ஜர்ஸ் பெரிய அணிக்கு அவரைக் கூட்டிப்போகாமல் மொன்ட்ரியாலில் வைத்திருந்ததால்தான், 1954 நவம்பரில் விதிப்படி பைரேட்ஸ் அவரைப் பறித்துக்கொண்டு வர முடிந்தது. எங்கள் ஊர் அதற்கு மொன்ட்ரியாலுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அந்த ஓரத்தைத் தடவிப் பார்க்கும் யோசனை எல்லோருக்கும் உதவும். எழுதியதற்கு நன்றி.

நாலுகலர் (சிவகாசி) எழுதியது:

எனக்கு பேஸ்பால் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. ஆஃப்செட் அச்சுல இருக்கேன், முப்பது வருஷ அனுபவம். கார்டுப் படங்களைத் தேடும்போது இந்த இழை கண்ணுல பட்டுச்சு. ஒரே மூச்சுல படிச்சேன்.

தீப்பெட்டி லேபிள் சேர்க்குறவங்க எங்க ஊருக்கு அடிக்கடி வருவாங்க, அவங்க கேக்குற அதே கேள்வியைத்தான் நீங்களும் கேட்டுக்கிட்டிருக்கீங்கன்னு தோணுது: இது அசலா, பிறகு அடிச்சதா? அச்சுக்காரன் எப்படிப் பாப்பான்னு சொல்றேன்.

பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. முகத்தைப் பாக்காதீங்க, பேர் எழுதியிருக்குற எழுத்தையும் கட்டம் கட்டியிருக்குற கோட்டையும் பாருங்க. அசல் அச்சுல கருப்பு எழுத்து தனி பிளேட்ல வந்திருக்கும், மை முழுசா அடைச்சு, ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அசல் கார்டைப் படம் எடுத்து அதைவச்சு மறுபடி அடிச்சிருந்தா, எழுத்தே புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கும். நாலு கலர்ப் புள்ளியும் எழுத்துக்குள்ள தெரிஞ்சா அது நகல்னு பெரும்பாலும் முடிவு பண்ணிடலாம்.

அடுத்தது காகிதம். ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம்தான் காகிதத்தை வெள்ளையாக் காட்டுறதுக்கு ஒரு ரசாயனம் சேர்க்குறது பரவலாச்சு. இருட்டுல யூ.வி. விளக்கு அடிச்சா அந்தக் காகிதம் நீலமாப் பளிச்சுன்னு மின்னும். 1910 கார்டுன்னு சொல்லி ஒருத்தர் குடுக்குறது அப்படி மின்னுச்சுன்னா, பேசாம திருப்பிக் குடுத்துடுங்க.

இங்க நீங்க போட்டிருக்குற படங்கள்ல ஒரு சிலதுல ரிஜிஸ்டர் விலகியிருக்கு, உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளிய நிக்குது. எங்க கடையில அப்படி வந்தா கழிச்சுக் கட்டிடுவோம். இதுக்கும் விலை உண்டுங்களா?

ஏழாம்நம்பர்ரயில் எழுதியது:

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழையை மேலே நிறுத்தி வைக்கலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ரிஜிஸ்டர் விலகினால் பொதுவாக விலை குறையும். ஆனால் பிரமாதமாக விலகியதையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். டி206-ல் எழுத்துப் பிழையே தனி ரகம். ஷெர்ரி மகீ என்ற ஆட்டக்காரரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டு, கண்டுபிடித்ததும் திருத்திவிட்டார்கள். பிழையான கார்டு இன்று கிடைப்பதற்கு அரியது, திருத்தியது சாதாரணமாகக் கிடைக்கும்.

கணக்குவழக்கு (டல்லாஸ்) எழுதியது:

எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் வேறு பக்கமாகப் பேசுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1952 டாப்ஸ் 311-ம் எண், மிக்கி மேன்டில். 2022 ஆகஸ்டில் ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. 9.5 கிரேடு. அதே கார்டு கசங்கி, கிரேடு 1-ல் இருந்தால் அதில் மிகச் சின்னப் பங்குதான் கிடைக்கும். அப்படியிருக்க, மடிப்பு விழுந்த முப்பது கார்டுக்குப் பணம் செலவழிப்பதைவிட, நல்ல கிரேடில் ஒன்றே ஒன்று வாங்கிப் பாதுகாப்பது சரியில்லையா? நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு அது ஒரு சொத்து. மடிந்த கார்டு அவர்களுக்கு என்ன?

கிரேடிங்குக்கு அனுப்பாமல் உறையில் வைத்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. போலி இத்தனை பெருகிய காலத்தில் ஸ்லாபுக்குள் (கிரேடு போட்டு மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டி) இருந்தால் வாங்குகிறவருக்கு ஒரு நம்பிக்கை.

கருப்பும்பொன்னும் எழுதியது:

தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, நேராகத்தானே கேட்டிருக்கிறீர்கள். நானும் நேராகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மேன்டில். 1952 தொகுதியின் கடைசி வரிசை 311 முதல் 407 வரை, மொத்தம் 97 கார்டு. அச்சுத் தாளில் 100 இடம். மிச்சமான மூன்று இடத்தை நிரப்ப மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூவரையும் இரண்டு முறை போட்டார்கள். ஆக, அதே வரிசையில் இருக்கும் மற்ற எவரையும்விட மேன்டில் இரண்டு மடங்கு அச்சானவர். அவருடைய ரூக்கி கார்டும் அது இல்லை. அது 1951 போமன் 253-ம் எண். அந்தக் கடைசி வரிசை கடைக்கு வந்தபோது சீசன் முடிந்து பிள்ளைகள் ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள். விற்காமல் கிடங்கில் தேங்கியதை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக, அந்தத் தொகுதியை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த விலைக்குப் பின்னால் மேன்டிலின் புகழ் இருக்கிறது, கடலில் கொட்டிய கதை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஒரு பிரதி எழுபது வருஷம் எந்தப் பிள்ளையின் கையிலும் சிக்கவில்லை என்பது இருக்கிறது.

எனக்கு இடிக்கும் இடம் அதுதான். இந்தக் கார்டுகள் பிள்ளைகளுக்காக, ஒரு சென்ட், ஐந்து சென்ட் பபிள்கம்மோடு விற்றவை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள், சுவரில் எறிந்து விளையாடினார்கள், சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் செருகி ஓட்டினார்கள். 1952-ன் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. எண் வரிசையில் அடுக்கும்போது எப்போதும் மேலே இருந்தது அவர்தான் என்பதால், ரப்பர் பேண்ட் பட்டுப்பட்டு நல்ல நிலையில் அவர் கிடைப்பதே அபூர்வம். அந்தத் தேய்மானத்தைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாரோ ஒரு பிள்ளை அதை ஆசையோடு வைத்திருந்தது அதனால்தான் தெரிகிறது.

ஓர் உதாரணம். என்னிடம் 1957 டாப்ஸ் டியூக் ஸ்னைடர் ஒன்று உண்டு. அதில் புரூக்ளின் என்பதைப் பென்சிலால் அடித்து, மேலே எல்.ஏ. என்று கோணலாக எழுதியிருக்கிறது. 1957 சீசன் முடிந்ததும் டாட்ஜர்ஸ் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார்கள். அந்த நகரமே அதை மன்னிக்கவில்லை. எந்தப் பிள்ளை, கோபத்தில் அடித்ததா, விவரம் சரியாக இருக்க வேண்டும் என்று திருத்தியதா, தெரியாது. கிரேடிங்குக்கு அனுப்பினால் எழுத்துக் கறை என்று ஒரு குறியீடு போட்டுத் திருப்புவார்கள். விலை விழும். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதுவதை அந்தப் பிள்ளை இரண்டு எழுத்தில் எழுதிவிட்டது. அந்த எழுத்தில்லாத ஸ்னைடரை நீங்கள் தந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஸ்லாபைப் பற்றி: விலை அதிகமான கார்டை, நேரில் பார்க்காமல் வாங்குவதானால் ஸ்லாபில் வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். அதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி 1991-ல் 4,51,000 டாலருக்குப் பங்காளியோடு சேர்ந்து வாங்கிய அந்தப் பிரபலமான டி206 வேக்னர் கார்டுக்கு 8 கிரேடு கொடுத்தார்கள். அதை ஓரம் சீவியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 8 என்ற எண் இன்னும் அதன்மேல் இருக்கிறது.

விரிகுடாக்கரை (கலிஃபோர்னியா) எழுதியது:

பென்சிலில் எழுதிய ஸ்னைடரைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கார்டு 1953 டாப்ஸ் 220-ம் எண், சாட்செல் பெய்ஜ். அந்த வருஷத் தொகுதி முழுக்க ஓவியம். புகைப்படத்தைப் பார்த்துச் சின்ன அளவில் கையால் வரைந்து அதை அச்சாக்கினார்கள். பெய்ஜின் முகத்தில் வரைந்தவர் காட்டிய பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருக்கிறது. அத்தனை அழகாக முகத்தை வரைந்துவிட்டுப் பெயரைச் சரிபார்க்காமல் விட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை.

1926-லிருந்து கறுப்பின லீகுகளில் பந்து வீசியவர். மேஜர் லீகுக்குள் அவரை விட்டது 1948-ல், 42 வயதில். அதனால் அவர் உச்சத்தில் இருந்த காலத்துக்கு டாப்ஸோ, போமனோ, 1930-களில் கார்டு அடித்த கவுடியோ, ஒரு கார்டுகூடக் கிடையாது. 1933 கவுடி தொகுதியில் பேப் ரூத்துக்கு மட்டும் நாலு கார்டு. அதே வருஷம் உங்கள் பிட்ஸ்பர்க்கில் கறுப்பின லீக் அணியான கிராஃபோர்ட்ஸில் பெய்ஜும் ஜாஷ் கிப்சனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொகுதியில் அவர்கள் இல்லை.

கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தார். மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது அதே வருஷம் ஏப்ரல் 15. மூன்று மாதம். 2024-ல் மேஜர் லீக் கறுப்பின லீகுப் புள்ளிவிவரங்களையும் சேர்த்துக்கொண்டபோது, ஆயுள்கால பேட்டிங் சராசரியில் டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது கிப்சன்தான். டை காபுக்கு டி206-ல் மட்டும் நாலு கார்டு இருக்கிறது. கிப்சன் ஆடிய காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் பபிள்கம் வாங்கினால் அவர் முகம் கிடைத்திருக்காது.

சேகரிப்பு என்றால் இருப்பதை அடுக்குவது. நான் ஆல்பத்தில் 1930-களுக்கான பக்கத்தில் ஓர் உறையைக் காலியாகவே விட்டிருக்கிறேன். பிறகு வந்த நினைவுக் கார்டுகளைக்கொண்டு அதை நிரப்பச் சொல்லி நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வருஷத்தில் அந்தக் கம்பெனிகள் செய்யாததை நான் ஏன் செய்துகொடுக்க வேண்டும்?

நாலுகலர் எழுதியது:

அம்மா, நீங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து வேலையில கை ஓடலை. நாங்க ஒரு படத்தை அடிக்கிறோம்னா அது யார், ஏன்னு கேக்குறதில்ல, எத்தனை ஆயிரம்னுதான் கேப்போம். யாரை அடிக்காம விட்டோம்னு யோசிச்சதே கிடையாது.

கருப்பும்பொன்னும் எழுதியது:

அக்கா, கிராஃபோர்ட்ஸ் ஆடிய கிரீன்லீ மைதானம் இருந்த இடம் எங்கள் ஊரில் ஹில் மாவட்டத்தில் இருக்கிறது. 1938-லேயே இடித்துவிட்டார்கள். பைரேட்ஸ் ஆடிய ஃபோர்ப்ஸ் மைதானத்தின் சுவர் ஒரு பகுதி மட்டும் பல்கலைக்கழகத்துப் பக்கம் இன்னும் நிற்கிறது. 1960 வேர்ல்ட் சீரிஸில் மசெரோஸ்கி அடித்த ஹோம் ரன்னை நினைத்து வருஷாவருஷம் அக்டோபர் 13 அன்று அங்கே கூடி, பழைய வர்ணனையைப் போட்டுக் கேட்பார்கள். கிப்சனுக்கு அப்படி ஒரு சுவர்கூட இல்லை. அந்த உறை காலியாகவே இருக்கட்டும், நீங்கள் செய்தது சரி.

புதுவரவு (சார்லட்) எழுதியது:

வணக்கம். ஆபீஸ் நண்பரோடு போய்ப்போய் பேஸ்பால் பிடித்துவிட்டது. பழைய கார்டு ஒன்று வாங்க ஆசை. சின்ன பட்ஜெட். எங்கே தொடங்குவது? வாங்கினால் எப்படிப் பத்திரப்படுத்துவது?

ஏழாம்நம்பர்ரயில் எழுதியது:

உங்களுக்குப் பிடித்த அணி எது, எந்த வருஷம் உங்களுக்கு முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டு அந்த அணியின் சாதாரண ஆட்டக்காரரைத் தேடுங்கள். 1970-களின் டாப்ஸ் கார்டுகளில் நட்சத்திரம் அல்லாதவை ஒரு காப்பி குடிக்கிற காசுக்கே கிடைக்கும். 1975 தொகுதி தொடக்கத்துக்கு நல்லது, இரட்டை நிற ஓரம், கண்ணைப் பறிக்கும். 1971-ன் கருப்பு ஓரமும் அழகுதான், ஆனால் மூலையில் லேசாகப் பட்டாலே வெள்ளை தெரிந்துவிடும். நல்ல நிலையில் வேண்டும் என்றால் விலை ஏறும்.

முதலில் மெல்லிய உறை, அதன்மேல் டாப் லோடர் (கெட்டியான பிளாஸ்டிக் உறை). பழைய பி.வி.சி. ஆல்பத்தாள் வேண்டாம், வருஷம் போகப்போகப் பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டும். திருகாணி போட்டு இறுக்கும் பழைய கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம், அட்டையை நசுக்கிவிடும்.

விரிகுடாக்கரை எழுதியது:

பின்பக்கத்தில் மெழுகுக் கறை இருந்தால் பதற வேண்டாம், மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்தவற்றில் அது சகஜம். நைலான் காலுறைத் துணியால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். தண்ணீர், ரசாயனம் எதுவும் கூடாது.

கணக்குவழக்கு எழுதியது:

கருப்பும்பொன்னும் ண்ணா, உங்கள் பதிலை நிதானமாகப் படித்தேன். பெரிய தொகை போடுகிறவர்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் நீங்கள் இழையின் தலைப்பில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லையே.

கைப்பையில் எடுத்துப்போவது என்றால் என்னிடம் கர்ட் ஃப்ளட் இருக்கிறார். இரண்டு கார்டு.

1970 டாப்ஸ் 360-ம் எண். அதில் அவர் அணி ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ். அந்த அணிக்கு அவர் ஒரு நாளும் ஆடியதில்லை. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அன்றைய ஒப்பந்த விதிப்படி ஆட்டக்காரர் ஆயுசுக்கும் அணியின் உடைமை. அணி விற்றால் போக வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தையே விட வேண்டும். ஃப்ளட் மறுத்தார். டிசம்பர் 24 அன்று கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதி, தன்னை வாங்கி விற்கும் பொருளாக நடத்த முடியாது என்றார். வழக்குப் போட்டு, 1970 சீசன் முழுக்க ஆடாமல் உட்கார்ந்தார். டாப்ஸ் மட்டும் அவரை ஃபில்லீஸாக அச்சடித்து விற்றது.

1971 டாப்ஸ் 535-ம் எண். வாஷிங்டன் செனட்டர்ஸ். 13 ஆட்டத்தோடு முடிந்துபோனது. ஏப்ரல் மாதமே நாட்டை விட்டுப் போனார். 1972-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆட்டக்காரர்களுக்கு அணி மாறும் சுதந்திரம் வந்தது 1975 டிசம்பரில், வேறு இரண்டு பிட்சர்கள் கொண்டுபோன முறையீட்டில், நடுவர் தீர்ப்பால். இன்று கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போடும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவருக்கு அதில் ஒரு சல்லி கிடைக்கவில்லை. ஹால் ஆஃப் ஃபேமிலும் இன்னும் சேர்க்கவில்லை.

அந்த செனட்டர்ஸ்தான் 1971 முடிந்து டெக்சஸுக்கு வந்து ரேஞ்சர்ஸ் ஆனது. என் ஊர் அணி. அவரைத் தேடிப்போனது அப்படித்தான்.

கார்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைக்கு மார்வின் மில்லர் வந்தபின், டாப்ஸ் ஓர் ஆளுக்கு வருஷம் 125 டாலர் மட்டும் கொடுத்துவந்ததை எதிர்த்து, யாரும் படத்துக்கு நிற்க வேண்டாம் என்றார்கள். 1968, 1969 தொகுதிகளில் இத்தனை பழைய படங்கள், தொப்பியில்லாத தலைகள் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கடைசியில் டாப்ஸ் இறங்கி வந்து தொகையை இரட்டிப்பாக்கி, விற்பனையில் பங்கும் கொடுத்தது. பார்க்க மொக்கையாக இருக்கிறது என்று பலர் ஒதுக்கும் அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போது எனக்கு ஒரு வேலைநிறுத்தத்தைப் பார்ப்பதுபோல இருக்கும்.

கருப்பும்பொன்னும் எழுதியது:

இதைத்தானே முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் நீங்கள்! 1970 தொகுதியில் 350-ல் கிளெமெண்டே, 360-ல் ஃப்ளட். இத்தனை வருஷம் அந்தத் தொகுதியைப் புரட்டியும் அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

உங்கள் இரண்டும் ஸ்லாபிலா, உறையிலா?

கணக்குவழக்கு எழுதியது:

உறையில்தான். 1971-ன் கருப்பு ஓரம் நாலு மூலையும் உதிர்ந்திருக்கிறது. 1958 டாப்ஸ் 464-ம் எண், அவருடைய ரூக்கி கார்டு, இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இரண்டு பிரதி இருந்தால் சொல்லுங்கள், மடிப்பு இருந்தாலும் பரவாயில்லை.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

என்னட்ட ஒண்டு இருக்கு அண்ணை. மேல வலது மூலை மடிஞ்சது, பின்பக்கம் கம் கறை. நாளைக்கு வெளிச்சத்தில படம் எடுத்து அனுப்புறன். மாத்துக்கு 1970-களின்ர எக்ஸ்போஸ் ஆக்கள் ஆரும் இருந்தா எடுத்து வையுங்கோ.